சின்ன டிரெய்லரில் விடியும்வரை தூங்க என்ன செய்யலாம்?

தூக்கம்தேடி எழுதியது:

வணக்கம். எங்களுடையது உள்ளே நாலரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள, வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்னப் பயண டிரெய்லர். நானும் என் கணவரும் மட்டும்தான் போகிறோம். பகலில் அதற்குள் இருக்கும்போது எனக்குக் கிடைக்கும் நிறைவு வேறெங்கும் கிடைப்பதில்லை. இரவானால் அதே இடம் வேறாகிவிடுகிறது. இதுவரை பதினோரு இரவுகள் அதில் படுத்திருக்கிறோம். ஒன்றில்கூட விடியும்வரை தூங்கவில்லை.

பகலில் எதிரெதிராக உட்காரும் இருக்கைகள்தாம் இரவில் படுக்கை. நடுவிலுள்ள மேசையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் பரப்பிக்கொள்கிறோம். பின்சுவரை ஒட்டிக் குறுக்காக அமையும் படுக்கையின் நீளம் 190 சென்டிமீட்டர். கணவரின் உயரம் 183. தலையணை வைத்துப் படுத்தால் அவர் கால்விரல் சுவரில் முட்டுகிறது. நான் சுவர்ப்பக்கம், அவர் நடைவழிப் பக்கம். மெத்தைத் துண்டுகள் சேரும் இடம் சரியாக என் இடுப்புக்கு அடியில் வருகிறது. இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழித்தால் சுவரோரம் போர்வை ஈரமாக இருக்கிறது. காலையில் இருவருக்கும் தலை கனக்கிறது.

நல்ல மெத்தை வாங்கினால் இதெல்லாம் தீருமா? என்ன தடிமனில் வாங்கலாம்? டிரெய்லரையே விற்றுவிடலாம் என்கிறார் கணவர். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நெடுவழி எழுதியது:

சகோதரி, மெத்தைப் பேச்சு அப்புறம். "காலையில் இருவருக்கும் தலை கனக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அதில்தான் நின்றது. உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? இருந்தால் அதன் பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்தக் கருவிகளின் ஆயுள் சில ஆண்டுகள்தான். பச்சை விளக்கு எரிவதாலேயே உள்ளிருக்கும் உணரி வேலை செய்கிறது என்று நம்பிவிட முடியாது. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் அதை உணர்ந்து எழுந்திருக்க வழியே இல்லை. கருவி இல்லையென்றால் அது வரும்வரை டிரெய்லரில் படுக்க வேண்டாம். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவுக் கருவியைத் தரையோரம் வைப்பார்கள்.

கருவி சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: டிரெய்லரை நிறுத்தியதும் மட்டம் பார்க்கிறீர்களா?

தூக்கம்தேடி எழுதியது:

உடனே போய்ப் பார்த்தேன் ஐயா. கருவி இருக்கிறது. சென்ற ஆண்டு தயாரித்தது, சோதனைப் பொத்தானை அழுத்தினால் காது கிழியும்படி ஒலிக்கிறது. நாங்கள் இரவில் எரிவாயு எதையும் பயன்படுத்துவதில்லை. மட்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். தரை சமமாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவோம்.

நெடுவழி எழுதியது:

நிம்மதி. இனி மட்டத்துக்கு வருகிறேன். இதில் கண்ணை நம்பக் கூடாது. 190 சென்டிமீட்டர் படுக்கை ஒரே ஒரு பாகை சாய்ந்தால் தலைக்கும் காலுக்கும் 3.3 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வை உடம்பு இரவு முழுதும் தாங்கிப் பிடிக்கிறது. தலை தாழ்ந்தால் மூக்கடைக்கும், முகம் உப்பும். பக்கவாட்டில் சாய்ந்தால் இருவரும் ஒரே பக்கம் உருளுவீர்கள். உருளாமலிருக்கத் தூக்கத்திலேயே இடுப்பை இறுக்கிக்கொள்வீர்கள். காலையில் வரும் முதுகுவலிக்கு மெத்தை பழி சுமக்கும்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்று போதும். அதைத் தரையில் வைக்காதீர்கள். மெத்தையை நீக்கிவிட்டுப் படுக்கைப் பலகையின்மேல் வையுங்கள், ஏனெனில் நீங்கள் தூங்குவது அங்கேதான். வண்டியிலிருந்து கழற்றும் முன்பே பக்கவாட்டு மட்டத்தை முடித்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மீதோ சரிவுக்கட்டை மீதோ ஏற்றுங்கள். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். முன்பின் மட்டத்தை முன்சக்கர ஜாக்கியில் சரிசெய்யலாம். மூலைக் கால்களை இறக்குவது கடைசியில். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான் இருக்கின்றன. டிரெய்லரைத் தூக்க அவற்றைப் பயன்படுத்தினால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் படுத்தேன்.

உங்களுடையது குறுக்குப் படுக்கை. ஆகவே தலை எந்தப் பக்கச் சக்கரத்தின்மேல் வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் நல்லது. சரியாக அமையவில்லையா? தலையணைகளைத் தூக்கி மறுபக்கம் போட்டுவிடுங்கள்.

உளி எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு வேலையும் சேர்த்துச் செய்யுங்கள் அக்கா. ரசமட்டம் வைக்க மெத்தையைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுவரோரம் போர்வை நனைகிறது என்றால் அடியிலும் நனைந்திருக்கும்.

தூக்கம்தேடி எழுதியது:

தூக்கிப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. பின்சுவரை ஒட்டிய மெத்தைத் துண்டின் அடியில் கறுப்புப் புள்ளிகள், உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கின்றன. பலகையும் ஈரம். பதினோரு இரவும் இதன்மேலா முகத்தை வைத்துப் படுத்தேன்! மழை ஒழுகுகிறதா, கூரையைப் பிரிக்க வேண்டுமா என்று ஒரே கலக்கமாக இருக்கிறது.

உளி எழுதியது:

கூரையைத் தொடாதீர்கள் அக்கா. மழை பெய்யாத இரவிலும் நனைந்தது என்றால் அது ஒழுக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த நீர் உங்கள் இருவரின் மூச்சிலிருந்து வந்தது.

தச்சு வேலை செய்கிறவன் என்பதால் இதைப் பல டிரெய்லர்களில் பார்த்திருக்கிறேன். உடம்புச் சூட்டில் எழும் ஈரம் மெத்தை வழியாகக் கீழே இறங்கும். அடியில் இருப்பது குளிர்ந்த ஒட்டுப்பலகை. அதற்கும் கீழே சாமான் பெட்டி, அதன் அடியில் வெளிக்காற்று. பலகையில் பட்டதும் ஈரம் நீராகிவிடும், வெளியேற இடமில்லாததால் அங்கேயே தங்கும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

நான் செய்து கொடுப்பது இதுதான். பலகையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலமுள்ள ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) இரண்டு விரல் இடைவெளி விட்டு அடிப்பேன். மெத்தைக்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுவேன், அந்த வழியாகக் காற்று கீழிருந்து மேலே வரும். பலகையை எடுக்க மனமில்லை என்றால் நெருக்கமாகத் துளைகள் போட்டு, மேலே மெத்தைக்கு அடியில் விரிக்கும் காற்றோட்ட வலைப்பாய் ஒன்றை விரித்தால்கூடப் பெரிய மாற்றம் தெரியும். மேசைப் பலகைக்கு இது ஏற்றது, ஏனெனில் பகலில் அது மேசையாகவும் இருக்க வேண்டும். கீழே பெட்டியில் துணிமணிகளை மெத்தை தொடும்வரை அடைக்காதீர்கள்.

பூஞ்சணம் பிடித்த நுரையைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேலே போகும், உள்ளே இருக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் எறிந்துவிடுங்கள்.

குளிர்தாங்கி எழுதியது:

எங்கள் பழக்கம் வேறு. குளிர்காலத்தில் கூரைத் திறப்பு, சன்னல் எல்லாவற்றையும் இறுக்கமாக மூடிவிடுவோம். படுக்கும் முன் எரிவாயு அடுப்பை அரைமணி நேரம் எரியவிட்டால் உள்ளே கதகதப்பாகிவிடும். வெளியே ஈரக்காற்று அடிக்கும்போது எதற்குத் திறப்பது? திறந்தால் ஈரம் உள்ளே வருமே.

நெடுவழி எழுதியது:

நண்பரே, அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சமைக்கும் அடுப்பு அறையைச் சூடாக்கச் செய்த பொருள் அல்ல. மூடிய சின்ன இடத்தில் எரியும்போது ஆக்சிஜன் குறையும், குறையக் குறைய எரிதல் கெட்டு கார்பன் மோனாக்சைடு பெருகும். புகைபோக்கி வழியாக வெளியே விடும் ஹீட்டரைத் தவிர வேறு எந்த நெருப்பும் உள்ளே எரியக் கூடாது. கரி அடுப்பைத் தணலாகக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க என்னிடம் இடமில்லை.

மூடுபனி எழுதியது:

நான் இயற்பியல் சொல்லித் தருகிறவள். "திறந்தால் ஈரம் உள்ளே வரும்" என்று பலரும் நம்புகிறார்கள், அதனால் கணக்கோடு எழுதுகிறேன்.

இருவர் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் ஓரிரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் நீர் வெளியேறும். இந்த டிரெய்லரில் அலமாரிகள் போகக் காற்று இருக்கும் இடம் 14 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக மொத்தக் காற்றும் நிறைந்து வழிந்தாலும் கால் லிட்டருக்கு மேல் கொள்ளாது. மீதி எங்கே போகும்? சுவரில், சன்னலில், மெத்தைக்கடியில். அதுவும் காற்று நிறையும்வரை காத்திராது. 20 பாகையில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தாலே 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கிவிடும். குளிர்கால இரவில் டிரெய்லர் சுவருக்கு 12 பாகை எம்மாத்திரம்?

இப்போது வெளிக்காற்று. வெளியே 5 பாகை, மூடுபனி, காற்று முழுக்க ஈரம் என்றே எடுத்துக்கொள்வோம். அப்போதும் அதன் ஒரு கன மீட்டரில் இருப்பது 7 கிராமுக்கும் குறைவு. அது உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானதும் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வெளியே ஈரமாகத் தோன்றும் அதே காற்று உள்ளே வந்தால் உலர்ந்த காற்று.

அடுப்பு எரித்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோ நீர் உண்டாகிறது. கதகதப்பு என்று நினைத்து ஈரத்தை உற்பத்தி செய்கிறீர்கள்.

தலை கனப்பதற்கும் இதில் விடை இருக்கலாம். முழுக்க அடைத்த இந்த அளவு இடத்தில் இருவர் தூங்கினால் மூன்று மணி நேரத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் உள்ளதைப்போல் பத்து மடங்காகிவிடும். கூரைத் திறப்பை இரண்டு விரல் உயர்த்தி, எதிர்மூலையில் தாழ்வான ஒரு சன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள். ஒன்று மட்டும் திறந்தால் காற்று நகராது.

குளிர்தாங்கி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். கணக்கை இரண்டு முறை படித்தேன். அடுப்பை நினைத்தால் இப்போது அடிவயிறு கலங்குகிறது, என் பிள்ளைகள் அதில்தான் தூங்கினார்கள்.

குளிருக்கு வேறு வழி நான் சொல்ல முடியும். அறையைச் சூடாக்காமல் படுக்கையைச் சூடாக்குங்கள். வெந்நீர்ப் பையைப் படுப்பதற்குக் கால்மணி நேரம் முன் கால்மாட்டில் வைத்தால் போதும். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் விரைவில் வரும் என்று 1999-ல் நேச்சர் இதழிலேயே ஆய்வு வந்திருக்கிறது. 12 வோல்ட் மின்போர்வையும் உண்டு. 60 வாட் போர்வை 5 ஆம்பியர் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய 50-ல் பெரும்பகுதி அதற்கே போய்விடும். படுக்கும் முன் அரைமணி நேரம் போட்டு நிறுத்துவது நல்லது.

இருவருக்கும் ஒரே போர்வையா, தூக்கம்தேடி? தனித்தனிப் போர்வைக்கு மாறுங்கள். ஒருவர் புரண்டால் மற்றவருக்குக் குளிர்க்காற்று புகாது.

ஓடைக்கரை எழுதியது:

கோடை இரவைப் பற்றி ஒரு வரி. பகலில் தகிக்கும் கூரை நடுஇரவு வரை சூட்டைக் கீழே இறக்கும். நிழலில் நிறுத்துவதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. காலை வெயில் தலைமாட்டுச் சன்னலில் விழாதபடி நிறுத்துங்கள். கூரை விசிறியை வெளியே தள்ளும்படி வைத்து, நிழல் பக்கம் தலைமாட்டருகே ஒரு சன்னலை மட்டும் கொசுவலையோடு திறந்தால் காற்று முகத்தின்மேல் வந்து போகும்.

அதிகாலை எழுதியது:

எனக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. காற்றழுத்தக் கருவி மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். அப்படிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: மின்சாரத்தை அதிகம் தின்பது கருவி அல்ல, ஈரப்பதமூட்டியும் சூடேற்றும் குழாயும்தான். மருத்துவரிடம் கேட்டுவிட்டு அவற்றை நிறுத்தினால் அதே பேட்டரி இன்னும் பல மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் 12 வோல்ட் வடத்தில் நேராக இணையுங்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. இரவில் குழாயை யாரும் திறக்காமலே தண்ணீர் பம்ப் ஒரு நொடி உறுமி நிற்கும், பத்து நிமிடம் கழித்து மறுபடி உறுமும். எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். காலையில் தேடிக்கொள்ளலாம், படுக்கும் முன் பம்பின் விசையை அணைத்துவிடுங்கள். அலமாரிக்குள் பாத்திரங்களுக்கு நடுவே துணி செருகுங்கள். காதடைப்பான் போடுவதாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டே எச்சரிக்கைக் கருவியை ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், முதல் இரவிலேயே நல்ல தூக்கம். 2016-ல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிய இடத்தில் முதல் இரவு ஆழ்ந்து தூங்கும்போது மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட விழிப்பாக இருப்பதைக் கண்டார்கள். அந்நிய ஒலி கேட்டால் அது எழுப்பிவிடும். பிந்தைய இரவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நாங்கள் அதனால்தான் ஓரிடத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்குகிறோம். தூக்கம்தேடி, உங்கள் பதினோரு இரவுகளில் எத்தனை இரவுகள் முதல் இரவுகள்?

தூக்கம்தேடி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. நாங்கள் கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

தூக்கம்தேடி எழுதியது: (மூன்று வாரம் கழித்து)

இரண்டு இரவு ஒரே இடத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். பூஞ்சணம் பிடித்த துண்டை எறிந்துவிட்டு அந்த இடத்தில் மடித்த கம்பளிகளைப் பரப்பினோம். மேசைப் பலகையில் கணவர் துளைகள் போட்டு, வலைப்பாய் விரித்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் நாலு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு அது சமதரைதான்! கூரைத் திறப்பும் கதவருகே சன்னலும் இரவு முழுதும் திறந்திருந்தன. வெளியே 7 பாகை.

முதல் இரவு நான்கு முறை விழித்தேன். ஆனால் போர்வையைத் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருந்தது. இரண்டாம் இரவு ஒரே முறை. காலையில் தலை கனக்கவில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், ஏதோ ஒன்று குறைகிறதே என்று சிறிது நேரம் யோசித்தேன்.

இடுப்புக்கடியில் அந்த இணைப்பு மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவர் காலும் முட்டுகிறது. இப்போது மெத்தையைப் பற்றிக் கேட்கலாமா?

உளி எழுதியது:

இப்போது தாராளமாகக் கேளுங்கள் அக்கா. முழு மெத்தை வாங்காதீர்கள், பகலில் அதை வைக்க உங்களுக்கு இடம் இல்லை. இருக்கைத் துண்டுகளின்மேல் ஐந்து சென்டிமீட்டர் மேல்மெத்தை ஒன்றை ஒரே துண்டாக விரித்தால் இணைப்புத் தெரியாது, சுருட்டிக் கட்டி ஒரு மூலையில் நிறுத்தலாம். உடம்பு வடிவத்துக்கு அமுங்கும் நினைவு நுரை குளிரில் கல்லைப்போல் இறுகும், குளிர்ப் பயணம் அதிகம் என்றால் அதைத் தவிர்த்து லேட்டெக்ஸ் (ரப்பர் நுரை) பாருங்கள். எடை கூடுதல், ஆனால் குளிரில் அப்படி இறுகாது. எறிந்த துண்டுக்குப் பதிலாக வெட்டும் நுரை கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்திக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சீக்கிரம் பள்ளம் விழும்.

வாங்கும் முன் பக்கவாட்டில் படுத்து, இடுப்புக்கு நேர் கீழே கையைச் செருகிப் பலகை தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் அந்தத் தடிமன் உங்களுக்குப் போதாது.

உயரத்துக்கு மருந்து மூலைவிட்டம். 190 நீளம், 130 அகலம் என்றால் மூலைக்கு மூலை 230 சென்டிமீட்டர். அவர் தலையை நடைவழிப் பக்கமும் காலைச் சுவர்ப் பக்கமும் ஒரு சாண் சாய்த்துப் படுக்கட்டும்.

நெடுவழி எழுதியது:

அவர் அப்படிப் படுத்தால் உங்கள் கால் எங்கே போகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. நீங்களும் அதே சாய்வில் படுக்க வேண்டும். இன்னொன்று, சுவர்ப்பக்கம் யார்? நள்ளிரவில் எழுந்து போகிறவர் நடைவழிப் பக்கம் இருந்தால் மற்றவரின் தூக்கம் கலையாது.

தூக்கம்தேடி எழுதியது:

இரவில் எழுகிறவள் நான்தான் ஐயா. இத்தனை நாள் அவரைத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டதும் அவரே இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். லேட்டெக்ஸ் மேல்மெத்தை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், மூன்று இரவும் ஒரே இடத்தில். விற்பதற்காக எழுதி வைத்திருந்த விளம்பரத்தை அவர் நேற்று அழித்துவிட்டார்.